மாற வேண்டியவர்கள் மாணவர்கள் மட்டும்தானா?

பள்ளி ஆண்டு விழா, பிரிவுபசார விழா, பரிசளிப்பு விழா எதுவானாலும் சரி, மேடை ஏறுகிற பிரமுகர்கள் இப்போதெல்லாம் மாணவர்களுக்கு ஒரே புத்திமதிதான் சொல்கிறார்கள். "மாறுதலைக் கண்டு அஞ்சாதீர்கள். இரு கை கூப்பி வரவேற்றுக்கொள்ளுங்கள்" என்பதே அது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோலார் தங்கவயலில் நின்றுகொண்டு மாணவர்களிடம் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

ஏன் என்று சொல்கிறேன்.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெரிய பெரிய பட்டணங்களே எண்ணெய் விளக்கில் இருந்த காலம் அது. பூமிக்குக் கீழே மூன்று கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி வேலை பார்த்தார்கள். 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இன்று பி.யு.சி. படிக்கிற பிள்ளைகள் அன்று பிறக்கவே இல்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே மாறுதல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை வரவேற்கலாமா, வேண்டாமா என்று அவர்களை யார் கேட்டார்கள்?

நான் ரயில்வேயில் குமாஸ்தா. பத்தாவது வரை படித்தவன். சுரங்கம் மூடியபோது நான் சிறு பையன். பங்காருப்பேட்டையிலிருந்து (அந்தக் காலத்தில் பௌரிங்பேட்டை) மாரிக்குப்பம் வரை உள்ள கிளைப்பாதை சுரங்கத்துக்காகப் போடப்பட்டது. இயந்திரமும் கரியும் மரமும் ஆட்களும் உள்ளே வந்த பாதை. இன்றைக்கு அதே பாதையில் ஆட்கள் வெளியே போகிறார்கள். பொழுது விடியுமுன் மாரிக்குப்பம் வண்டியைப் பாருங்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் டிபன் பாக்ஸும் புத்தகப் பையுமாகப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஒயிட்பீல்டில் கொஞ்சம் பேர், கிருஷ்ணராஜபுரத்தில் கொஞ்சம் பேர், கண்டோன்மென்டில் கொஞ்சம் பேர் என்று இறங்கிப் போகிறார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நின்றுகொண்டே நோட்டுப் புத்தகம் படிக்கிறவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

இவர்களுக்கா மாறுதலைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும்?

சில வாரங்களுக்கு முன் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளியில் இதே தலைப்பில் மாணவர்களைப் பேசவிட்டார்கள். செய்தி சேகரிக்க நான் போயிருந்தேன். பெரியவர்கள் பேச்சை எழுதிக்கொள்ளத்தான் போனேன். ஆனால் நோட்டில் நிரம்பியதெல்லாம் பிள்ளைகள் பேச்சு.

ஒரு பையன் சொன்னான்: எங்கள் தாத்தா இன்னமும் என்னை "முதல் சங்குக்கு எழுந்திரு" என்றுதான் எழுப்புகிறார். அந்தச் சங்கை நான் கேட்டதே இல்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுகிறேன், ரயிலுக்காக.

அடுத்து ஒரு மாணவி. பெங்களூரில் பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்க அப்பா சம்மதிக்கவில்லை. தினமும் ரயிலில் போய் வா என்கிறார். "மாறுதலை ஏற்றுக்கொள் என்று என்னிடம் சொல்கிறீர்கள். என் அப்பாவிடம் யார் சொல்வது?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. தலைமை தாங்கியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

மூன்றாவதாகப் பேசிய பையனுக்குக் கைத்தட்டல் குறைவு. எனக்கு ஊரை விட்டுப் போக இஷ்டமில்லை, இங்கேயே இருந்து பிழைக்க வேண்டும் என்று ஆசைப்படுவது கோழைத்தனமா என்று கேட்டான். என்னைக் கேட்டால், அன்று பேசியதில் சிறந்த பேச்சு அதுதான் என்பேன். தானாகத் தேடிப் போகிற மாறுதல் ஒன்று. தலைமேல் வந்து விழுகிற மாறுதல் வேறொன்று. இரண்டையும் ஒரே மாலையில் கோத்து "வரவேற்றுக்கொள்" என்பது நியாயமல்ல. சுரங்கத்தை மூடியவர்கள் ஊருக்கு வேறு வேலை கொண்டு வந்திருந்தால் அந்தப் பையன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டான். 1964-ல் ஏற்பட்ட பெமல் தொழிற்சாலை ஒன்றை மட்டும் நம்பி ஓர் ஊர் முழுவதும் பிழைக்க முடியுமா?

இனி நம் பெரியவர்களிடம் வருகிறேன். கோபிக்கக் கூடாது.

டீக்கடைப் பெஞ்சில் இன்றும் முதல் பேச்சு என்ன? "சுரங்கத்தைத் திறக்கப் போகிறார்களாமே!" தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் பேச்சு புதுப்பிக்கப்படுகிறது. 2013-ல் உலகளாவிய டெண்டர் விட உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது மிட்டாய் கொடுக்காத குறைதான். 2024 ஜூனில், சயனைடு மேடுகளிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை இசைந்தது. மறுபடியும் பெஞ்சு கலகலத்தது. நல்லது நடந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அங்கே பேச்சு மண்மேட்டைப் பற்றியது. பாட்டனார் இறங்கிய குழிக்குப் பேரன் இறங்கப் போவதில்லை. அந்த நம்பிக்கையில் பையனை "கொஞ்சம் பொறு, ஊரிலேயே வேலை வரும்" என்று இரண்டு வருஷம் வீட்டில் உட்கார வைத்திருக்கும் தகப்பன்மாரை எனக்குத் தெரியும்.

மொழி விஷயமும் அப்படித்தான். 2015-ல் வந்த கன்னடம் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகளில் கன்னடம் கட்டாயம் என்று நம்மில் பலர் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகள் சுளிக்கவில்லை. வண்டியில் தமிழில் சண்டை போட்டு, கன்னடத்தில் சமாதானமாகி, தெலுங்கில் கேலி பேசுகிறார்கள். கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமல் இந்த மாநிலத்தில் ஒரு சர்க்கார் மனுப் பாரத்தைக்கூட நிரப்ப முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். கன்னடம் படிப்பதால் தமிழ் போய்விடாது. வீட்டில் ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஒரு தமிழ்ப் புத்தகம் இல்லாததால் போகும். நன்றாகத் தமிழ் பேசுகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் எழுதும் இந்தக் கட்டுரையை வாசிக்கத் தெரியாது. இதற்குக் கர்நாடக சர்க்காரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எனக்குத் தெரிந்த துறையில் ஒரு விஷயம் சொல்கிறேன். பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரையிலும், பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும், வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பில் இலவச சீசன் டிக்கெட் கொடுக்க ரயில்வே விதியில் இடம் இருக்கிறது. படிக்கும் நிலையத் தலைவரின் சான்றிதழ் வேண்டும். அவ்வளவுதான். இது தெரியாமல் காசு கட்டுகிறவர்கள் உண்டு. தெரிந்தும், சான்றிதழுக்காக ஆபீஸ் வாசலில் நாட்கணக்கில் நிற்கிறவர்களும் உண்டு. மேடையில் மாறுதலைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற தலைமை ஆசிரியர்களும் பிரின்சிபால்களும், கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது அரைமணிப் பேச்சைவிட உபயோகமாக இருக்கும்.

ஆனால் இந்த இலவச சீசன் டிக்கெட்டைக் காட்டித்தான் அந்த நர்சிங் மாணவியின் தகப்பனார் விடுதி வேண்டாம் என்கிறாராம். அவர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவர் என்று கேள்விப்பட்டேன். அதனால் நேராகவே எழுதுகிறேன்.

ஐயா, ரயில்வேக்காரனே ரயில் வேண்டாம் என்று சொல்லலாமா என்று நினைக்காதீர்கள். நர்சிங் படிப்பு வெறும் வகுப்புப் படிப்பு அல்ல. விடிகாலையில் வார்டுக்குப் போக வேண்டும். சில நாள் மாலை வேளையிலும் நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் வந்து அந்த வேலையைச் செய்ய முடியாது. தாமதமாக வரும் நாளுக்கு நான் கையெழுத்துப் போட்டுத் தரவும் முடியாது. விடுதியைப் போய் ஒரு தடவை பாருங்கள். வார்டன் அம்மாளிடம் பேசுங்கள். சனிக்கிழமை இரவு பெண் வீட்டுக்கு வந்துவிடும், அதற்கு சீசன் டிக்கெட் தேவையில்லை, சாதாரண டிக்கெட் போதும். விடுதிக் கட்டணம் கட்ட இன்னும் பத்து நாள் இருக்கிறதாம்.