நம் ஊர்ச் சூரியனை நம் ஊரிலேயே அளப்போம்

டிசம்பர் 22 மிகக் குறுகிய பகல், ஜூன் 21 மிக நீண்ட பகல் என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தங்கள் ஊரில் அது எவ்வளவு நேரம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. திண்டிவனம் வட்டாரத்துப் பிரம்மதேசத்தை எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கும் அந்த ஊரில் நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். குறுகிய பகல் 11 மணி 25 நிமிடம். லண்டனிலோ கோடைப் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டுகிறது, குளிர்காலப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்குள்ள குழந்தைக்குக் கண்ணால் பார்த்தாலே தெரிவது, நம் குழந்தைக்கு அளந்தால்தான் தெரியும். ஆகவே இந்தப் பாடத்தைப் பள்ளி மைதானத்தில்தான் நடத்த வேண்டும்.

அதற்கு ஒரு மீட்டர் கழி ஒன்று போதும். டிசம்பர் 22 அன்று நண்பகல் 12.10 மணியளவில் அதன் நிழல் வடக்கே சுமார் 72 சென்டிமீட்டர் விழும். ஏப்ரல் 22-ஐ ஒட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே இராது. ஜூன் 21-இல் சூரியன் நமக்கு வடக்கே போய்விட, நிழல் தெற்கே 20 சென்டிமீட்டர் நீளும். ஆகஸ்ட் 20 வாக்கில் மறுபடியும் நிழல் மறையும். பூமியின் அச்சு இருபத்து மூன்றரை பாகை சாய்ந்திருப்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

இப்படி அளக்கத் தொடங்கினால் பொங்கல் பற்றியும் ஒரு கேள்வி எழும். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். சூரியனோ மூன்று வாரத்துக்கு முன்பே வடக்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், விண்மீன்களை வைத்துக் கணிக்கும் நம் நாட்காட்டி ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிவந்திருக்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அப்படியானால் பொங்கலன்று விடியல் முந்தியிருக்க வேண்டுமே என்று தோன்றும். நடப்பது வேறு: டிசம்பர் 22-ஐ விட எட்டு நிமிடம் பிந்தித்தான் அன்று சூரியன் உதிக்கிறது. நண்பகல் நாளுக்கு நாள் தள்ளிப்போவதே காரணம். பகல் நான்கு நிமிடம் வளர்ந்திருந்தாலும் அந்த வளர்ச்சி மாலையில்தான் தெரியும். விடியல் முந்தத் தொடங்குவது ஜனவரிக் கடைசியில்தான்.

இதையெல்லாம் சொன்னால் பண்டிகையைக் குறை கூறுவதாகிவிடும் என்று சிலர் தயங்கலாம். பொங்கல் அறுவடைக்கும் உழைப்புக்கும் நன்றி சொல்லும் நாள். வானியல் கணக்கால் அதன் பெருமை ஒரு துளியும் குறையாது. உதயமும் அஸ்தமனமும் கைப்பேசியில் இருக்க அளப்பானேன் என்பது இன்னொரு கேள்வி. கைப்பேசி விடையை மட்டும் தரும். அந்த விடையைச் சரிபார்க்கும் துணிவை அளவுதான் தரும். பாடச்சுமை என்ற ஆசிரியர்களின் கவலை நியாயமானது. ஆனால் மாதம் ஒருமுறை, பத்து நிமிடம் போதும். வரும் டிசம்பர் 22-இல் ஒவ்வொரு பள்ளியும் ஒரு கழியை நட்டு, முதல் அளவைக் குறித்துவைக்கட்டும். பள்ளிக் கல்வித் துறை அதற்கு வழி செய்யட்டும்.