பழைய யந்திரங்களுக்கு விடையா?

வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட மனம் வராதவர்கள் நம்மில் அநேகர். அவர்களுக்கு வரப்பிரஸாதமாக விளங்கியது 'லுபுண்டு' என்னும் இலேசான இயங்குதளம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், அதன் புதிய பதிப்பு வரும். 2018-ஆம் வருஷம் 10-ஆம் மாதத்தில் வந்ததற்கு 18.10 என்று பெயர். பெயர் வைக்கும் சங்கடம் அவர்களுக்கு இல்லை! எல்.எக்ஸ்.டி.ஈ. என்ற பழைய முகப்பு போய், எல்.எக்ஸ்.க்யூட்டி வந்தது அந்தப் பதிப்பில்தான்.

ஆனால் பெரிய சோதனை அடுத்த பதிப்பைப் பற்றிய யோசனையில் காத்திருந்தது. 32 பிட் யந்திரங்களுக்கு இனியும் பதிப்பு வேண்டுமா? வேண்டுமென்றால் இரண்டு முறை தயாரிக்க வேண்டும். இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும். செய்கிறவர்களோ பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைக்கும் சிலர். டிஸம்பரில் முடிவு வெளியாயிற்று: 19.04 முதல் 64 பிட் மட்டுமே. முன்பே வந்திருந்த 18.04-க்கு மட்டும் 2021 ஏப்ரல் வரையில் ஆதரவு நீடித்தது.

பழைய யந்திரத்தின் தோழன் என்று பெயரெடுத்தவர்களே கைவிடலாமா? எனக்கும் முதலில் கோபம் வந்தது. ஆயினும், சரிவரச் சோதித்துப் பாராத பதிப்பை ஓர் ஏழை மாணவன் கையில் கொடுப்பது எப்படித் தர்மமாகும்? அவனுடைய கடிதங்களும் பாடங்களும் அல்லவா அதில் இருக்கப் போகின்றன!

லுபுண்டுவுக்கு மூலாதாரமான டெபியன் இன்னும் சில காலம் பொறுத்தது. 2023-ல் வந்த அதன் 12-ஆம் பதிப்பை 32 பிட் யந்திரங்களிலும் ஏற்றலாம். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பிலோ, அவற்றுக்கென நிறுவும் சாதனமே கிடையாது.