"சின்னப் புண்தானே" என்று விடாதீர்கள்!
சர்க்கரை ஏறினால் கிருமிக்குக் கொண்டாட்டம்

மேல்சித்தாமூர்—

கழனி வேலையில் செருப்பு ஏது? செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரிலும் அப்படித்தான். சமணர் கோவிலுக்குள் போனாலும் வெறுங்கால்தான். முள் குத்தும், கல் கிழிக்கும். "மஞ்சளைப் பத்து போட்டா ஆறிடும்" என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மற்றவர்களுக்கு ஆறிவிடும். சர்க்கரை வியாதிக்காரருக்கு ஆறுவது லேசில்லை. முதலில் சீழ். அப்புறம் விரல். கவனிக்காவிட்டால் காலே போய்விடும்!

இது யாரோ சிலருடைய கவலை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேர்!

காவல்காரன் அசந்தால்...

ஏன் இப்படி? ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் உடம்புக்குக் காவல். கிருமி நுழைந்தால் ஓடிப்போய் விழுங்கிவிடும். சர்க்கரை அளவு மீறினால் இந்தக் காவல்காரன் அசந்து போகிறான்.

காலுக்குப் போகும் ரத்தக் குழாயும் சுருங்கிவிடுகிறது. நரம்பு மரத்துப் போவதால் குத்திய முள்ளே தெரிவதில்லை.

புண் மட்டுமா? நீர்க்கடுப்பு, சேற்றுப்புண், ஈறு வீக்கம், கட்டி எல்லாம் திரும்பத் திரும்ப வரும். 2021-ல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சை நோயும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களைத்தான் அதிகம் தாக்கியது.

காச நோயும் கூட்டு!

சர்க்கரை வியாதிக்காரருக்குக் காச நோய் வரும் ஆபத்து இரண்டு, மூன்று மடங்கு. தமிழ்நாட்டுக் காச நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. அவர்களில் 100-க்கு 25 பேருக்குச் சர்க்கரை இருந்தது!

இன்னொரு வம்பு: கிருமி தாக்கினால் சர்க்கரை மேலும் ஏறும். சர்க்கரை ஏறினால் கிருமி மேலும் பெருகும். செக்குமாடு போல ஒரே சுற்று.

இந்தச் சுற்றை உடைக்காமல் மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் பலருடைய வழக்கம். காய்ச்சல் அடங்கும், சர்க்கரை அடங்காது. மறுபடியும் அதே புண், அதே கடை!

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021-ல் தொடங்கி, சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. நல்லதுதான். ஆனால் மாத்திரை வந்தால் மட்டும் போதாது. மாத்திரை கொடுக்கும் கை, நோயாளியின் உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். "எத்தனை நாளா இருமல்?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. ராத்திரி படுக்கும் முன் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கைப் பாருங்கள். புண் ஒரு வாரத்தில் ஆறவில்லையா? சர்க்கரையைச் சோதியுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டியதா? சளியையும் சோதியுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.

போகிற நேரம் அரை நாள். போகாவிட்டால் போவது கால்!