கட்டிப்போட்ட உயிருக்கு நிழல் கட்டுவோம்



நாய்க்கூட்டைப் பற்றியா மலரில் எழுதுவது என்று சிரிக்காதீர்கள். பாலத்துக்கும் மாடிக்கட்டிடத்துக்கும் எஸ்டிமேட் போடப் படிக்கிற நாம, நம்ம வீட்டு முற்றத்தில் கிடக்கும் நாலடிக் கூட்டை என்றைக்காவது பார்த்திருக்கிறோமா?

எங்க சிதறால் பக்கம் ராத்திரிக் காவலுக்குப் 'பட்டி' வேணும். பகலில் அதற்குச் சங்கிலிதான். கூட்டுக்கு மேல் வீட்டு வேலையில் மிஞ்சிய தகரம் கிடக்கும். சித்திரை மத்தியானத்தில் அந்தத் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள், விஷயம் புரியும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கோ வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். அவிழ்த்துவிட்ட நாய் நிழலோடு நகர்ந்து படுக்கும். கட்டிப்போட்டது என்ன செய்யும்?

"அதான் மரம் நிக்குதே" என்பார்கள். தென்னை நிழல் நின்ற இடத்தில் நிற்காது. ரப்பர் மரமோ தை, மாசியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். தார்ப்பாயைக் கூட்டின் மேல் போர்த்தினால் காற்றும் அடைபட்டுப் போகும்.

என் யோசனை இதுதான். இருக்கிற தகரத்தைக் கழற்ற வேண்டாம். அதற்கு ஓரடி மேலே சரிவாக இன்னொரு கூரை போடுங்கள். வெயிலை மேல்கூரை தாங்கும். இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். கால்களுக்கு நாலு ஜி.ஐ. பைப்பை காங்கிரீட்டில் ஊன்றினால் கறையான் பயமில்லை. மேலே, பிரித்த வீட்டின் பழைய ஓடு போதும். சாயங்கால வெயிலுக்காக மேற்கே கூரையை நன்றாக நீட்ட வேண்டும். வடக்கேயும் நீட்ட வேண்டும். காரணம், நம்ம ஊர் இருப்பது வட அட்சம் 8 டிகிரியில். ஏப்ரல் 2ஆம் வாரத்தில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளையில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். தெற்கே மட்டும் மறைத்தால் போதாது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் தரையை அரையடி உயர்த்துவதும் அவசியம்.

இதற்கு முன்மாதிரி நம்ம மலைக்கோவிலிலேயே இருக்கிறது. முன்னால் நீண்டு நிற்கும் பாறைதான் அங்கே கூரை. அதன் அடியில் 9ஆம் நூற்றாண்டில் சமணர் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இன்றும் இருக்கிறார்கள். எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதே என்றவர்கள் வாழ்ந்த மலை அது. அதன் அடிவாரத்தில் ஒரு வாயில்லா ஜீவன் வெயிலில் வேகலாமா?

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராததைக் குற்றம் என்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய வேலையா இது? காவலுக்கு ஒரு உயிரைக் கட்டிப்போட்டோம். அது நிழல் தேடிப் போகும் வழியை அடைத்ததும் நாம்தான். அப்படியானால் நிழலை அதனிடம் கொண்டுவருவதும் நம்ம பொறுப்புதானே!

வரும் லீவில் ஆளுக்கு ஒரு கூடு. சர்வேயும் நாமே, எஸ்டிமேட்டும் நாமே, கொத்தனாரும் நாமே. செய்வோமா நண்பர்களே?