தோன்றா எழுவாய்

திறன்பேசி வாங்கச் செல்பவர்கள் கடையில் என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்ஏஎச், 5ஜி வேலை செய்யுமா, தவணைக்கு வட்டி உண்டா. "விரலை வைத்த இடத்தில் பதியுமா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. மொழியியல் படித்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். எச். பி. கிரைஸ் 1975இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கியபடி, உரையாடல் என்பது ஒரு கூட்டு முயற்சி. தேவைக்கு மேல் சொல்வதும் அதில் பிழையே. தேநீர்க் கடையில் "ஓட்டையில்லாத டம்ளரில் கொடுங்கள்" என்று நாம் சொல்வதில்லை. சொல்லாததால் ஓட்டை டம்ளருக்கு நாம் சம்மதித்துவிட்டோம் என்று எந்தக் கடைக்காரரும் வாதிடுவதுமில்லை. திறன்பேசிச் சந்தையில் மட்டும் அந்த வாதம் செல்லுபடியாகிறது. வாங்குபவரின் மிக அடிப்படையான எதிர்பார்ப்பு சொல்லப்படாமல் இருக்கிறது என்பதாலேயே, அது இல்லவே இல்லை என்று விற்பவர் நடந்துகொள்கிறார்.

சொந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வு மொழி, ஆதிலாபாத் பகுதியில் பேசப்படும் கோலாமி என்னும் நடுத் திராவிட மொழி. துறையில் நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றுதான் உண்டு. அது வேறொருவரின் கையில் இருக்கும் மாதங்களில் 16,000 ரூபாய்க்கு வாங்கிய திறன்பேசியே ஒலிப்பதிவுக் கருவி, நிழற்படக் கருவி, குறிப்பேடு எல்லாம். வாங்கிய ஒன்பதாம் மாதத்தில், களப்பணியின் நடுவே, திரையின் மேற்பகுதி தொடுகையை ஏற்க மறுத்தது. ஒரு வாரத்தில் அடுத்த கட்டம்: யாரும் தொடாமலேயே செயலிகள் திறந்துகொண்டன, எண்கள் அழுந்தின. 'கோஸ்ட் டச்' என்று இதற்குப் பெயர். சேவை மையத்தில் கருவியை ஒரு முறை திருப்பிப் பார்த்தார்கள். விளிம்பில் நகக்கண் அளவில் ஒரு கீறல். "பிசிகல் டேமேஜ், வாரண்டியில் வராது" என்றார்கள். திரையை மாற்ற 6,800 ரூபாய். உள்ளே இருக்கும் தரவு அழிந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்து. இணைய இணைப்பு இல்லாத ஊரில் இரண்டு நாள் பதிவு செய்தவை அதற்குள்தான் இருந்தன. எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி சொன்ன நாற்பது நிமிடக் கதையும் அதில் ஒன்று. அவரை மீண்டும் உட்காரவைத்து அதே கதையைக் கேட்டாலும் அது அதே கதையாக இருக்காது என்பதை இதைப் படிக்கும் கள ஆய்வாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த இரண்டு சொற்களில் ஓர் இலக்கணம் இருக்கிறது. "பிசிகல் டேமேஜ்" என்ற தொடரில் வினைமுதல் கிடையாது. யார் சேதப்படுத்தியது, எப்போது, எதனால் என்ற எதுவும் அதில் இல்லை. ஆனால் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. தமிழ் இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்போம்: "நேற்று வந்தாய்" என்றால் "நீ" சொல்லப்படாமலே நிற்கும். அங்கும் அப்படித்தான், தோன்றாமல் நிற்கும் எழுவாய் வாடிக்கையாளர். திரையை ஆள் இல்லாமலே ஏதோ தொடுகிறது என்று புகார் சொல்லப் போனால், ஆள் நீதான் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. இன்றைய திறன்பேசிகளின் தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில், இண்டியம் டின் ஆக்சைடு போன்ற ஒளிபுகும் கடத்திகளாலான நுண்ணிய வலை ஒன்று இருக்கிறது. விரல் நெருங்கும்போது அங்கே மின்தேக்குத்திறன் மிகச் சிறிய அளவில் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்து "இங்கே விரல் இருக்கிறது" என்று ஒரு சில்லு ஊகிக்கிறது. ஊகம் என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். வியர்வையும் மழைத்துளியும் அந்த ஊகத்தைக் குழப்பும். மலிவான சார்ஜரின் மின்னிரைச்சல் குழப்பும். மின்னேற்றும்போது மட்டும் சில கருவிகள் பேயாட்டம் ஆடுவது பெரும்பாலும் இதனால்தான். உப்பிய பேட்டரி திரையை உள்ளிருந்து தள்ளினாலும், திரையைப் பலகையோடு இணைக்கும் பட்டைக்கம்பி தளர்ந்தாலும், மென்பொருள் புதுப்பிப்பில் பிழை இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. இவற்றில் சில நம் கையால் வருபவை; சில தொழிற்சாலையிலிருந்தே உடன் வருபவை. எது எது என்று பிரிக்கச் சோதனை வேண்டும். கீறலைப் பார்ப்பது சோதனை ஆகாது.

பொத்தான் கைபேசியில் 5 என்ற விசை செத்தால் 5 மட்டும் செத்தது. தொடுதிரையில் உள்ளீடு, வெளியீடு, பூட்டு, சாவி எல்லாம் ஒரே பலகை. அது போனால் செயலியும் நினைவகமும் பழுதின்றி இருந்தும் நம் உடைமைக்குள் நாம் நுழைய முடியாது. வங்கியின் ஓடிபி, யுபிஐ, விடுதி உணவகத்தின் க்யூஆர், வருகைப் பதிவுச் செயலி என்று எல்லாவற்றையும் அந்த ஒற்றைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்த பிறகு, கதவின் தரத்தைப் பற்றி விளம்பரம் சொல்வதெல்லாம் அது நொடிக்கு 240 முறை விரலைத் தேடும் என்பதுதான். எத்தனை ஆண்டுகள் தேடும்? அதைப் பெட்டியில் போட யாருக்கும் கட்டாயமில்லை. அதிகபட்ச சில்லறை விலை போட வேண்டும், தயாரித்த மாதம் போட வேண்டும். ஆயுள் போட வேண்டியதில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறைபாட்டை வரையறுக்கும்போது, ஒப்பந்தத்தில் வெளிப்படையாகக் கூறப்பட்ட தரத்தோடு உட்கிடையான தரத்தையும் சேர்க்கிறது. கிரைஸ் படித்தால் மகிழ்ந்திருப்பார். வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் குறைபாட்டை ஆய்வகச் சோதனையால்தான் அறிய முடியும் என்றால், சோதனைக்கான கட்டணத்தை முதலில் செலுத்த வேண்டியவர் புகார்தாரர். பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் அல்லாத உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் பெறும் ஆய்வாளர் 6,800 ரூபாய்த் திரைக்காக இத்தனையும் செய்வாரா? செய்யமாட்டார் என்ற கணக்கின் மேல்தான் அந்தச் சேவை மேசை நடக்கிறது என்பது என் எண்ணம். மையத்தில் நின்ற பையனைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட சோதனைக் கருவி அவர் கண் மட்டுமே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் எளிமைக்கும் விழுந்தால் தாங்கும் திறனுக்கும் தரக்குறியீடு அட்டையிலேயே இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் நொய்டாவிலும் கோக்கப்படும் திறன்பேசிகள் வெளிநாடுகளுக்குப் போகின்றன. அங்கே விற்க ஒரு நியாயம், இங்கே விற்க ஒரு நியாயம். நம் ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. பழுதுபார்ப்புக் குறியீடு குறித்து அமைக்கப்பட்ட குழு 2025 மே மாதம் அறிக்கையும் தந்தது. அந்தக் குறியீடு பெட்டியின் மேல் அச்சாவதோடு, தொடுதிரைப் பழுதுக்குக் காரணம் பயனர்தான் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வாரண்டிக் காலத்தில் நிறுவனத்துடையது என்ற ஒரு வரியும் விதியாக வேண்டும். எழுத்தில் காரணம் தராமல் "பிசிகல் டேமேஜ்" என்று சொல்லக் கூடாது. பழுதுபார்ப்புக்கு முன் உரிமையாளரின் கண்ணெதிரே தரவை எடுத்துக் கொடுப்பதும் சேவையின் பகுதியாக வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் யோசிக்கட்டும். வருகைக்கும் கட்டணத்துக்கும் செயலியைக் கட்டாயமாக்கும் நிர்வாகம், திரை செத்த மாணவருக்கு ஒரு தாள் படிவத்தையாவது வைத்திருக்க வேண்டாமா?

அந்த ஒலிப்பதிவுகள் என்னவாயின என்று கேட்பீர்கள். ஓடிஜி இணைப்பான் வழியாகக் கணினியின் சாதாரண மௌஸைத் திறன்பேசியில் செருகினால் திரையில் அம்புக்குறி தோன்றும். அதை நகர்த்திப் பூட்டைத் திறந்து, கோப்புகளைக் கணினிக்கு மாற்றலாம். அப்படித்தான் மீட்டேன். ஆனால் சில நிறுவனங்களின் கருவிகளில் ஓடிஜி வசதி இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அமைப்புகளுக்குள் சென்று அதை இயக்குவதற்குத் தொடுதிரை வேலை செய்ய வேண்டும்! களத்துக்குக் கிளம்பும் நண்பர்கள் உங்கள் கருவியில் எப்படி என்று இன்றே பார்த்துவிடுங்கள். இணைப்பானும் பழைய மௌஸும் எங்கள் துறை நூலக மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கின்றன. வேண்டியவர்கள் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம்.