மோசடி லிங்குகளைத் தொழில்நுட்பம் மட்டும் தடுத்துவிடுமா?

2024ஆம் ஆண்டில் இணைய மோசடிகளால் இந்திய மக்கள் இழந்த தொகை சுமார் 22,845 கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2023இல் இது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு!

தடுப்பு ஏற்பாடுகளும் இல்லாமல் இல்லை. பதிவு செய்யப்படாத லிங்க் உள்ள வணிகக் குறுஞ்செய்திகளை 2024 அக்டோபர் முதல் நிறுத்த டிராய் உத்தரவிட்டது. மோசடித் தளத்தை நாம் திறக்கும்போதே முடக்கும் வசதியை ஏர்டெல் 2025 மே மாதம் அறிவித்தது. வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி.

இவற்றால் பலன் உண்டு. ஆனால் எல்லையும் உண்டு. மோசடித் தளம் என ஏற்கனவே அறியப்பட்டதையே இத்தகைய கருவிகள் எளிதில் பிடிக்கின்றன. இன்று காலை தொடங்கி மாலையில் மூடப்படும் போலித் தளம் பட்டியலில் ஏறுவதற்குள் பணம் போய்விடும். குறுஞ்செய்திக்கான கட்டுப்பாடு வாட்ஸ்அப்புக்குப் பொருந்தாது. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் அங்கே வரும் 'ஏபிகே' கோப்பை நிறுவி அனுமதியும் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் ஓடிபியை மோசடிக்காரன் படித்துவிடுவான். போலீஸ் என்று மிரட்டும் வீடியோ அழைப்பில் லிங்க்கே இருக்காது. அங்கே வடிகட்ட என்ன இருக்கிறது?

நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்கள் பலர் வெளிநாட்டில். அவர்கள் அனுப்பும் பணம் வந்து சேரும் கணக்கு, ஊரிலிருக்கும் தாயின் அல்லது மனைவியின் போனோடு இணைந்திருக்கிறது. "கணக்கு முடங்கிவிடும்" என்ற ஒரு வரியே அவர்களைப் பதற வைக்கப் போதும். அந்தப் பதற்றத்தைத்தான் மோசடிக்காரன் பயன்படுத்துகிறான்.

பணம் போன பிறகு நடப்பது இன்னும் வேதனை. "வெளியே தெரிந்தால் கேவலம்", "அவருக்குத் தெரிந்தால் திட்டுவார்" என்று மறைக்கிறார்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே தகவல் கொடுத்தால், பணம் கைமாறிச் செல்லும் வங்கிக் கணக்குகளை முடக்கி அதை நிறுத்த வாய்ப்பு உண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. ஏமாந்தவர் குற்றவாளி அல்ல என்பதைக் குடும்பத்தார் முதலில் உணர வேண்டும்.

ஆகவே ஜமாஅத்துகள் ஒரு காரியம் செய்யலாம். விவரம் தெரிந்த இருவரை, அவர்களில் ஒருவர் பெண்ணாக, நியமித்து அவர்களின் எண்ணை ஜும்ஆவில் அறிவிக்கலாம். சந்தேகமான செய்தி வந்தால் கேட்கவும், பணம் போனால் 1930க்குப் பேச உதவவும் ஆள் இருப்பது தெரிந்தால் பயம் குறையும். வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களும் இன்றே வீட்டுக்குப் போன் செய்து, "என்ன நடந்தாலும் உடனே சொல்லுங்கள், திட்ட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள்.