கடலுக்குப் போகும் முட்டைப் பவுடர்



துடுப்புப் படகில் போய், கரையோரம் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கித் திரும்புகிற ஆசை நம் இளைஞர்களிடம் வளர்ந்து வருகிறது. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் காலைச் சாப்பாட்டுக்கு அவர்கள் பையில் இருப்பதைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை: பிஸ்கட், பிரெட், நூடுல்ஸ் பாக்கெட். விடிந்ததும் துடுப்பு வலிக்கப் போகிற உடம்புக்கு இது போதாது. அதனால்தான் இந்த மாதம் முட்டைப் பவுடரைப் பற்றி எழுதுகிறேன்.

கடலில் மீன் கிடக்க முட்டை எதற்கு என்று தூத்துக்குடிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்புகிற விசைப்படகுகளில் பிடித்த மீனைப் படகிலேயே குழம்பு வைத்துவிடுவார்கள். ஆனால் அது வலையை இழுத்த பிறகு. அதற்கு முன்னால் வயிற்றுக்குள் போவது கரையிலிருந்து கொண்டுவந்ததுதான்.

கெடாத, கனமில்லாத, உடனே சமைக்கக்கூடிய உணவைப் படகில் ஏற்றும் வழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. மாசியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரை மீனை அவித்து, புகை காட்டி, மரக்கட்டை மாதிரி ஆகும்வரை வெயிலில் காய வைத்தது அது. 1343இல் மாலத்தீவுக்குப் போன இபின் பதூதா, அங்கிருந்து இந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போவதாக எழுதிவைத்திருக்கிறார். தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவு போய்வந்த காலமெல்லாம் மாசி நம் அடுக்களையிலும் இருந்தது. ஒரு துண்டை இடித்துத் தூவினால் வெறும் சோறும் ருசிக்கும். நீரை எடுத்துவிட்டால் உணவு நிற்கும் என்ற அதே கணக்குதான் முட்டைப் பவுடருக்கும்.

முட்டையின் உள்ளே இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஓட்டை உடைத்து, வடிகட்டி, கிருமி போகச் சூடாக்கி, நுண்துளிகளாகச் சூடான காற்றுக்குள் பீய்ச்சினால் ஈரம் போய் மஞ்சள் தூள் விழுகிறது. முட்டையில் இயற்கையாக உள்ள சிறிதளவு குளுக்கோஸ் நாளாவட்டத்தில் பவுடரைப் பழுப்பாக்கிவிடும் என்பதால் அதை முன்பே நீக்கிவிடுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1942இலிருந்து, பிரிட்டன் மக்களுக்கு அமெரிக்காவிலிருந்து இப்படித்தான் முட்டை வந்தது; 12 முட்டைக்குச் சமமான தூள் ஒரே பாக்கெட்டில். கப்பலில் இடத்தை மிச்சப்படுத்த அவர்கள் கண்ட வழி. நம் ஈரோட்டில் எஸ்.கே.எம். நிறுவனம் இதே பவுடரைத் தயாரித்து ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் இதைச் சமையலில் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். மளிகைக் கடைகளில் எளிதில் கிடைக்காது. பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இணையத்திலும் கிடைக்கிறது.

தூத்துக்குடி மக்ரூன் தின்றவர்களுக்கு இதன் குணம் பாதி தெரிந்திருக்கும். முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, மெல்லிய சூட்டில் உலர வைப்பதுதானே மக்ரூன்! டப்பாவைத் திறந்து வைத்தால் அது நமுத்துப்போகும். முட்டைப் பவுடரும் அப்படியே. கடற்காற்றில் கட்டி தட்டிவிடும். ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, இறுக்கி மூடும் டப்பாவில் வையுங்கள்.

கனம் குறையும் என்று மட்டும் நம்பி வாங்காதீர்கள். எட்டு முட்டைக்கு ஏறக்குறைய 100 கிராம் பவுடர் போதும், உண்மைதான். ஆனால் அதைக் கரைக்க 300 மில்லி தண்ணீர் வேண்டும். தாமிரபரணிக் கரையில் தங்கினால் ஆற்று நீரைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம். கடற்கரையில் அந்தத் தண்ணீரையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். அங்கே கிடைக்கும் லாபம் வேறு: உடையாது, தூத்துக்குடி வெயிலில் எளிதில் கெடாது, ஓட்டுக் குப்பை இல்லை.

செய்முறை சுலபம். ஒரு முட்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி பவுடர், இரண்டரை மேசைக்கரண்டி ஆறிய குடிநீர். மொத்த நீரையும் ஒரேயடியாக ஊற்றினால் கட்டி விழும். முதலில் கொஞ்சம் விட்டுக் குழைத்து, பிறகு மீதியை விட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். எண்ணெயில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கியதும் ஊற்றிக் கிளறினால் பொடிமாஸ். இறக்கும்போது மிளகும் ஒரு சிட்டிகை மாசித் தூளும். ஊற வைத்துப் பிழிந்த அவலை அதே சட்டியில் போட்டுப் புரட்டினால் இரண்டாவது பாத்திரம் தேவைப்படாது. எனக்கு இதுதான் பிடித்தது. ஆம்லெட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். பவுடர் முட்டையில் அது அவ்வளவு நன்றாக எழும்பாது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடுப்பைச் சுற்றித் தகட்டு மறைப்பு இல்லாமல் எதுவும் வேகாது.

கரைத்ததை உடனே சமைத்து முடித்துவிடுங்கள். மிச்சத்தை மதியத்துக்கு வைக்காதீர்கள், பச்சையாகக் குடிக்கவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இலிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. ஆள் இல்லாத தீவுதானே என்று அங்கே படகைக் கரையேற்றிக் கூடாரம் அடிக்கக் கூடாது. பவளப்பாறையும் கடற்புல்லும் மிதிபட்டால் மீள வெகுகாலம் பிடிக்கும். அனுமதியுள்ள கரையில் மட்டும் தங்கி, கொண்டுபோன பிளாஸ்டிக் உறை அத்தனையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தோணியில் தண்டலாகவும் (தலைவர்) பண்டாரியாகவும் (சமையல்காரர்) போய்வந்த பெரியவர்களும் பல வீடுகளில் இருக்கிறார்கள். கடலில் விடியும்போது என்ன சமைத்தார்கள், எதைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று உங்கள் தாத்தாவிடமோ மாமாவிடமோ கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். அளவும் பக்குவமும் அவர்கள் சொன்னபடியே இருக்கட்டும். வருகிற இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்